பொறுக்கி எடுத்த ஒரு கிலோ

ரிப்போர்ட் வந்தது வியாழக்கிழமை காலையில். பூபாலன் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. இடது கையால் எடுத்துப் பார்த்தவன், வாய் நிறைய இட்லியோடு கத்தினான்.

"பாஸ்! நம்ம புண்ணாக்கு பாஸாயிடுச்சு!"

அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த ரேணுகாவுக்கு அந்தச் சேதி பிடிக்கவில்லை. ஏன் என்று அந்த நொடியில் அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய சேதிதானே என்று நினைத்துக்கொண்டு கல்லை இன்னொரு முறை துடைத்தாள்.

பூபாலன் அவளுடைய அண்ணன். முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்த நிலமெல்லாம் மனைகளாகி, அந்த மனைகளில் மாடி வீடுகளும் எழும்பிவிட்டன. மிஞ்சியது இந்த வீடும், பின்னால் தகரம் போட்ட கொட்டகையும், அதில் கட்டியிருந்த பதினோரு வெள்ளாடுகளும்தான். பூபாலன் மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டப் போய்விடுவான். ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவது அவன் மனைவி சாமுண்டீஸ்வரி. கொட்டகையைக் கூட்டி, தண்ணீர் காட்டி, தீனி கலந்து வைப்பது ரேணுகா. பத்தொன்பது வயதாகியும் அவளுக்கு ஆடுகளோடு பேசத்தான் வரும். மனிதர்கள் எதிரில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பதினொன்று இப்போது எட்டாகியிருந்தது. கார்த்திகை மழை ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்ததும் ஆடுகள் ஒவ்வொன்றாகத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கின. மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கண்ணிமையைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் பூத்திருந்தது. மூன்று செத்தன. இன்னொன்று மாதம் நிறைவதற்குள் செத்த குட்டியைப் போட்டது.

கால்நடை மருத்துவர் கிருஷ்ணப்பிரியா வந்து பார்த்தார். கடலைப் புண்ணாக்கு மூட்டைகள் நான்கையும் தட்டிப் பார்த்துவிட்டு, நனைந்த புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அதில் ஒரு விஷம் ஊறும், அது ஈரலைத் தின்றுவிடும் என்றார். பரிசோதனைக்கு ஒரு கிலோ அனுப்பச் சொன்னார். முடிவு வரும்வரை புண்ணாக்கை நிறுத்தச் சொன்னார். பன்னிரண்டு நாட்களாக அகத்திக் கீரையும் சவுண்டல் தழையும்தான். அதிலேயே மிச்சமிருந்த எட்டும் தெளிந்து வந்தன. சினையாக இருந்த சீனிகூட நேற்று கொம்பால் ரேணுகாவின் இடுப்பில் செல்லமாக இடித்தாள்.

"இங்க பாரு," என்று பூபாலன் மனைவியிடம் கைப்பேசியை நீட்டினான். "புரதம் நாப்பத்திரண்டு. ஈரம் ஏயு. பூஞ்சை வெசம் இருவது வரைக்கும் இருக்கலாமாம். நம்மளுது எவ்ளோ தெரியுமா? நாலு! அந்தப் புண்ணாக்க நானே துன்னலாம்."

"துன்னு. யாரு வோணாம்னது," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஜோக்கா உனக்கு? அப்போ ஆடு எதுனால செத்துச்சி? தீனி நல்லா கீது. தண்ணி நம்ம ஊட்டு போர் தண்ணி. மிச்சம் இன்னா? மேய்ச்சல். நீ எங்க ஓட்டிகினு போன?"

சாமுண்டீஸ்வரி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "எப்பவும் போற எடத்துக்குத்தான்."

"அந்த மேய்ச்ச எடத்துக் காம்பவுண்டு செவுத்தாண்ட லாரிக்காரன் கயிவுத் தண்ணிய ஊத்திட்டுப் போறான். அங்கதான குடிச்சிருக்கும்? நீ போன் பார்த்துகினு குந்தினு இருந்திருப்ப."

"ஆமா. நான்தான் ஊத்தி ஊத்திக் குட்ச்சேன். எயுதி வாங்கிக்கோ, கையெய்த்து போட்றேன்."

சொன்னது துடுக்காக இருந்தாலும் அவள் குரல் உடைந்திருந்தது. பூபாலன் அதைக் கவனிக்கவில்லை. ஆடு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த ரிப்போர்ட்டை அனுப்பிக்கொண்டிருந்தான். ஆவடி, சேக்காடு, பட்டாபிராம் என்று நாற்பது பேர் இருந்த குழு அது. அவர்களில் பாதிப் பேர் அதே தமிழரசு கடையில், அதே லாரி லோடில் புண்ணாக்கு வாங்கியவர்கள். இங்கே ஆடு செத்த கதையைக் கேட்டு மூட்டையை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்.

பிறகு மருத்துவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"ரிப்போர்ட் பார்த்தேன் பூபாலன்," என்றார் அவர். "ஆச்சரியமா இருக்கு. சாம்பிள் நான் சொன்ன மாதிரி எடுத்தீங்கதானே? எல்லா மூட்டையிலயும் மேல, நடுவுல, அடியில எடுத்துக் கலந்து?"

"ஆமா மேடம், எல்லாம் ஒயுங்காத்தான் அனுப்புனோம்."

"அப்போ வேற காரணம் இருக்கணும். நாளைக்கு வந்து பார்க்கறேன். ரிப்போர்ட்டுப்படி புண்ணாக்கு போடலாம். கொஞ்சமா ஆரம்பிங்க."

தோசைக்கல் ரேணுகாவின் கையிலிருந்து நழுவி மேடையில் மோதியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மத்தியானம் ஊற வெச்சிடு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பூபாலன் வேலைக்குக் கிளம்பினான். "சாயங்காலம் நான் வந்து என் கையால வெக்கிறேன்."

அவன் போன பிறகு ரேணுகா அண்ணியின் கைப்பேசியில் அந்தக் குழுவுக்குப் போய் ரிப்போர்ட்டைத் திறந்தாள். எண்களை அவள் பார்க்கவில்லை. விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, கடைசியில் கையெழுத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது போலிருந்த வரியைப் படித்தாள். 'மேற்கண்ட முடிவுகள், எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.'

கொடுக்கப்பட்ட மாதிரி. அதைக் கொடுத்தவள் அவள்தான்.

அன்றைக்கு அண்ணன் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் சொன்னது ஒரே வரி. "ஒரு கிலோ எடுத்துக் கட்டி வை, ரேணு, லேபுக்குப் போவணும்." அவ்வளவுதான். அவள் திறந்திருந்த மூட்டையிலிருந்து முறத்தில் அள்ளிக் கொட்டினாள். நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாகிவிட்டது. மஞ்சள் துண்டுகளுக்கு நடுவே கருத்துப்போன கட்டிகள், பாசி போல் பச்சைத் தூள் படிந்த ஓரங்கள். படித்தவர்கள் வேலை செய்கிற இடத்துக்குப் போகிற பொருள். ஒரு அம்மா மேசைமேல் கொட்டிப் பார்த்து முகம் சுளிப்பது போலவும், 'இதையா போட்டு வளர்க்கிறீங்க, என்ன பொம்பளைங்க நீங்க?' என்று கேட்பது போலவும் அவளுக்குத் தோன்றியது. வீட்டிலிருந்து வெளியே போகும் எதையும் சுத்தம் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் அனுப்பியதில்லை. பக்கத்து வீட்டுக்கு அரை ஆழாக்கு அரிசி கொடுத்தாலும் கல் பொறுக்கித்தான் கொடுப்பார்கள்.

அப்படித்தான் பொறுக்கினாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கருப்பையும் பச்சையையும் தனியே தள்ளி, பொன்போல் இருந்த துண்டுகளாகப் பார்த்துச் சேர்த்து, முறத்தில் புடைத்து, மாடியில் ஒரு வெயில் காயவைத்து, துணிக்கடைப் பையில் போட்டு நூலால் கட்டினாள். கல்யாணச் சீர் அனுப்புவது போல் அனுப்பினாள்.

பொறுக்கித் தள்ளியதையெல்லாம் வீணாகப் போடுவானேன் என்று அதே மூட்டையில் திரும்பக் கொட்டினாள்.

திறந்த மூட்டை அதுதான். அண்ணி இன்று ஊறப்போடப் போவதும் அதிலிருந்துதான்.

சொல்லிவிட வேண்டும். அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் யாரிடம், எப்படி ஆரம்பிப்பது? அண்ணனுக்குப் போன் செய்தால், லேத் ஓடும் சத்தத்தில் "இன்னாது? இன்னாது?" என்று நான்கு முறை கேட்பான். நான்கு முறை சொல்ல அவளால் முடியாது. ஒரு முறைக்கே தைரியம் இல்லை. மூன்று ஆடு செத்தது புண்ணாக்கால். அது மழையின் குற்றம். இனி ஒன்று செத்தால் அது அவள் குற்றம். குழுவில் அதே லோடு வாங்கிய இருபது பேர் வீட்டில் செத்தால் அதுவும்.

மத்தியானம் சாமுண்டீஸ்வரி மூட்டையைச் சாய்த்து நீல நிற டப்பில் இரண்டு முறம் புண்ணாக்கைக் கொட்டினாள். தண்ணீர் ஊற்றினாள். ரேணுகா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி."

"இன்னாடி?"

"வாசனை ஒரு மாதிரி வருதுல்ல?"

"புண்ணாக்கு ரோசாப்பூ மாதிரியா வரும்?" சாமுண்டீஸ்வரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மழைக்காலச் சளியா, அழுகையா, தெரியவில்லை. "லேபுல பாஸுன்னுட்டான். இனிமே நான் இன்னா சொன்னாலும் எடுபடாது. எட்டு வருசமா ஓட்டிகினு போறேன், ஒரு ஆட்டுக்கு முள்ளு குத்த வுட்டிருப்பேனா? சொல்லு."

"இல்ல அண்ணி."

"அதான். நீயாச்சும் சொன்னியே."

ரேணுகா வாயைத் திறந்தாள். அண்ணி அவள் கன்னத்தை ஈரக் கையால் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கையின் ஈரம் கன்னத்தில் காயும்வரை ரேணுகா அங்கேயே நின்றாள். பிறகு ஓடிப்போய் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மூன்று மணிக்குக் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. சேக்காட்டில் செம்மறிக் கிடா வளர்க்கும் முகமது இஸ்மாயில்.

"பூபாலா, உனக்குப் புண்ணியமா போவட்டும்பா. பத்து நாளா மூட்டைய மூடி வெச்சிகினு கிடாவெல்லாம் எளைச்சிப் போச்சி. உன் ரிப்போர்ட்ட பார்த்துட்டுக் காலைலயே ஊற வெச்சி இப்பத்தான் வெச்சேன். ஒவ்வொண்ணும் அண்டாவ நக்கிட்டு நிக்குது. பக்ரீத்துக்கு உன் ஊட்டுக்குத் தனிப் பங்கு, சொல்ட்டேன்."

கீழே பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

ரேணுகா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். காலையில் சொல்லியிருந்தால் அந்த அண்டா காலியாகியிருக்காது. ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவர் மூட்டையை அவிழ்க்கிறார்கள் என்ற நினைப்பு அவள் காதுக்குள் சாக்குத் தையல் பிரியும் சத்தமாகவே கேட்டது. நான்கு மணிக்கு இரண்டு முறை டப்பின் அருகே போனாள். கவிழ்த்துவிடலாம். கவிழ்த்தால் ஏன் என்று கேட்பார்கள். தெருநாய் கவிழ்த்தது என்று சொன்னால் வேறு இரண்டு முறம் ஊறும். அதுவும் அந்த மூட்டையிலிருந்துதான்.

ஐந்தரைக்குப் பூபாலன் வந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போனான். ஊறிக் கூழாகியிருந்த புண்ணாக்கில் தவிட்டைப் போட்டுக் கையால் பிசைந்தான். "வாடி சீனி, வா. பன்னெண்டு நாளா அகத்திக் கீரையத் துன்னு துன்னு வாயி செத்துப் போச்சா?" என்று டப்பைத் தூக்கித் தொட்டியருகே வைத்தான்.

சீனி கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தாள். வயிறு இருபக்கமும் ஆடியது. மூக்கை நீட்டி முகர்ந்தாள். ஒரு கணம் தயங்கினாள். செத்துப்போன மூன்றும் முதலில் அப்படித்தான் தயங்கின.

"துன்னுடி, பாஸான தீனி," என்று பூபாலன் அவள் தலையைப் பிடித்து டப்பை நோக்கி அழுத்தினான்.

தான் எப்போது நகர்ந்தோம் என்று ரேணுகாவுக்குப் பிறகு நினைவில்லை. டப்பு உருண்டு சுவரில் மோதிய சத்தம்தான் நினைவிருந்தது. கூழ் அண்ணனின் பேன்ட்டிலும் சீனியின் காலிலும் தெறித்திருந்தது. ஆடுகள் மிரண்டு ஒரே மூலைக்கு ஒதுங்கின.

"ஏய்! பைத்தியமா புட்ச்சிருக்கு?" பூபாலனின் கை உயர்ந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த சாமுண்டீஸ்வரி நடுவில் புகுந்தாள்.

"நான் பொறுக்கினேன்," என்றாள் ரேணுகா.

"இன்னாது?"

"லேபுக்கு அனுப்புனத... நான் பொறுக்கினேன். நல்லதா பார்த்து. கருப்பெல்லாம் எடுத்துட்டேன். பார்க்க அசிங்கமா இருந்துச்சி, இன்னா நெனைப்பாங்களோன்னு... எடுத்தத மூட்டையிலயே கொட்டிட்டேன். இதுல கீறதெல்லாம் அதான்."

பூபாலனின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் அவளைத் தாண்டிப் போய் மூட்டையின் அடியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கொட்டினான். மேலே கொஞ்சம் மஞ்சள். அப்புறம் கருப்பு. அடியில் பாதி மூட்டை ஒரே கட்டியாக, பச்சைப் பொடி உதிர, கல் போல் விழுந்தது. அடுத்த மூட்டையை அவிழ்த்தான். அதன் அடியிலும் அதேதான்.

அவன் அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அடியிலேர்ந்து எடுக்கணும்னு அந்த மேடம் ரெண்டு வாட்டி சொன்னாங்க," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "நான் உன்னாண்ட சொல்லவே இல்ல. காலைல கேட்டப்போ ஆமான்னுட்டேன்."

"என்னாண்ட மட்டும் கரெக்டா கேப்ப, எங்க ஓட்டிகினு போனன்னு," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"அண்ணா," என்றாள் ரேணுகா. "இஸ்மாயில் பாய் மூணு மணிக்கே வெச்சிட்டாரு."

பூபாலன் இஸ்மாயிலுக்குப் போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது. மாலைத் தொழுகை நேரம். காலையில் போட்ட ரிப்போர்ட்டை அழிக்கப் பார்த்தான். அதற்குள் யார் யாரோ அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் கைப்பேசியைத் தங்கையிடம் நீட்டினான்.

"நீ பேசு. பாஸுன்னு கத்தினவன் நான். இப்போ நானே பாஸ் இல்லன்னு சொன்னா கடைக்காரனாண்ட சண்டைன்னு நெனைப்பானுங்க. எடுத்தவ நீ. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

நாற்பது பேர். அவர்களில் ஒருவரிடமும் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மைக் படத்தை அழுத்தினாள், விட்டாள். அழுத்தினாள், மூச்சுச் சத்தம் மட்டும் பதிவானது. மூன்றாவது முறை, "நான் பூபாலன் தங்கச்சி," என்றதோடு நிறுத்திப் பதிவை அழித்தாள். நான்காவது முறை, கண்ணை மூடிக்கொண்டு, சீனியின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் பூபாலன் தங்கச்சி ரேணுகா. அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க. லேப் மேல தப்பில்ல. நான் நல்ல துண்டா பொறுக்கி அனுப்பிட்டேன். மூட்டையோட அடிய கொட்டிப் பாருங்க. யாரும் புண்ணாக்கு வெக்காதீங்க. வெச்சிருந்தா எடுத்துடுங்க."

அனுப்பிவிட்டு இஸ்மாயிலின் பெயருக்கு எதிரே பார்த்தாள். அவர் இன்னும் கேட்கவில்லை.

"ஏறு வண்டியில," என்றான் பூபாலன்.

சேக்காடு போகிற வழி முழுக்க அவள் அண்ணனின் சட்டையைப் பின்னால் இறுகப் பிடித்திருந்தாள். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் வண்டி திணறியபோது, நின்றுவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அதற்காக அவளுக்கு உடம்பு கூசியது. வண்டி நிற்கவில்லை.

இஸ்மாயில் தொழுது முடித்துத் தொப்பியோடு வாசலில் நின்றிருந்தார். கிடாக்கள் ஏழும் சுவரோரம் கட்டியிருந்தன. அண்டா துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தது. இரண்டாவது வேளைக்கு இன்னொரு அண்டாவில் புண்ணாக்கு ஊறிக்கொண்டிருந்தது.

பூபாலன் வாயைத் திறப்பதற்குள் ரேணுகா முன்னால் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

இஸ்மாயில் ஊறிக்கொண்டிருந்த அண்டாவைப் பார்த்தார். அதைக் காலால் சாக்கடைப் பக்கம் சாய்த்தார். கூழ் ஓடி முடிந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ரேசன் அரிசிய பொறுக்கற மாதிரி பொறுக்கினியா?"

"ஆமா பாய்."

"திருட்டுப் பய எவனாச்சும் ஏமாத்தியிருந்தா சட்டையப் புடிப்பேன். நல்ல பொண்ணு செஞ்சதுக்கு யார் சட்டையப் புடிக்கறது?" அவர் சிரிக்கவில்லை. "டாக்டரம்மா இன்னா சொல்றாங்க?"

"கெளம்பும்போதே போன்ல கேட்டோம் பாய்," என்றான் பூபாலன். "ஒரு வேளைதானே, தப்பிக்கலாமாம். ஆனா இன்னிக்கி பார்த்தா ஒண்ணும் தெரியாது. பத்து நாளு கண்ணப் பார்க்கணும். நாளைக்கு அவங்களே வந்து எல்லா மூட்டையிலயும் அடியிலேர்ந்து எடுத்து அனுப்பறாங்களாம்."

இஸ்மாயில் பெரிய கிடாவின் அருகே போனார். வளைந்த கொம்பும் தொங்கும் காதுமாக அது அசை போட்டுக்கொண்டிருந்தது.

"பொறுக்கின கையி தான? வந்து தலையப் புடி."

ரேணுகா கிடாவின் தாடையை இரு கைகளாலும் பிடித்தாள். அதன் மூச்சு அவள் மணிக்கட்டில் சூடாக அடித்தது. புண்ணாக்கு வாசனை வந்தது. அவர் கட்டைவிரலால் கீழிமையைக் கவிழ்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடினா எப்பிடி? பாரு."

பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் ஏதோ ஒரு மங்கல். விளக்கின் மஞ்சளா, கண்ணின் மஞ்சளா, அவளால் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குப் பகல்ல வா," என்றார் இஸ்மாயில் இமையை விட்டுவிட்டு. "பத்து நாளும் வா. நீதான் பார்த்துச் சொல்லணும். உள்ளது எதுவோ அத. பொறுக்காம."

அவள் தலையாட்டினாள். அடுத்த கிடாவின் தாடையைப் பிடித்தாள். அதையும் சேர்த்து இன்னும் ஆறு இருந்தன.